தெரியக் கொண்டு போவதா, மறைத்துக் கொண்டு போவதா?

சென்ற மாதம் ஒரு பின்னேரம், என் கம்பளித் தொப்பியை ஒருவன் கழற்றித் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

ஜெர்மனியில் எங்கள் சின்ன ஊரின் ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. ஹம் நகரத்திலிருந்து வரும் ரயிலில் இறங்கி, அதற்குள்ளால் நடந்து, மறுபக்கம் படியேறினால் எங்கள் தெரு. குளிர்காலத்தில் வேலை முடிந்து வரும்போதே இருட்டிவிடும். அங்கே நாலைந்து பேர் நிற்பார்கள். மழித்த தலை, கனத்த பூட்ஸ், கையில் பியர். அன்றைக்கு அவர்களில் உயரமானவன் வழியை மறித்தான். தொப்பியை எடுத்தான். போட்டுப் பார்த்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால், அந்தத் தலைக்கு அது என்னைவிடப் பொருத்தமாகத்தான் இருந்தது.

நான் என்ன செய்தேன்? "டங்கே" என்றேன்.

ஏன் நன்றி சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மொழி வகுப்பில் முதல் நாள் படிப்பித்த சொல் அது. பயம் வந்தால் பிறகு படித்ததெல்லாம் ஓடி ஒளிந்துகொள்கிறது... முதலில் படித்தது மட்டும் நின்று பதில் சொல்கிறது.

வீட்டுக்கு வந்து, தொப்பி ரயிலில் விழுந்துவிட்டது என்று மனைவி ரெஜினாவிடம் சொன்னேன்.

"தொப்பி ரயிலில விழுந்ததுக்கு உங்கட கை ஏன் நடுங்குது?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் எதை மறைப்பது? சொன்னேன். தொலைக்காட்சியைப் போட்டால் இப்படிப்பட்ட மழித்த தலைக்காரர்கள் கொளுத்திய வீடுகளைக் காட்டுகிற காலம் இது. ஜன்னலுக்கு மேலே கரி, உள்ளே இருந்தவர்கள் எங்களைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். படுக்கப் போகுமுன் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் நிரப்பி வைப்பது ரெஜினாவின் வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு இரண்டு வாளி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து அவளுடைய தம்பி அன்ரன் வந்தான். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. திறந்தால் உள்ளே பிஸ்டல்.

பயப்படாதீர்கள். காஸ் பிஸ்டல். குண்டு போகாது. பெரிய சத்தம் கேட்கும், கண்ணை எரிக்கும் புகை வரும், அவ்வளவுதான். ஆனால் பார்வைக்கு? செய்தவனைத் தவிர வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கறுப்பு இரும்பு, கனம், வாய் ஓட்டை... எல்லாம் அசல்.

மீன் பிடிக்கப் பரீட்சை எழுத வேண்டிய நாடு இது. ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குப் போன் பண்ணுவார். ஆனால் இந்தச் சாமானுக்கு? பதினெட்டு வயது ஆகிவிட்டதா, அடையாள அட்டையைக் காட்டு, எடுத்துக்கொண்டு போ. அன்ரன் வேட்டைச் சாமான் கடையில் வாங்கினானாம். வாங்கும்போது கடைக்காரர் ஒரு சொக்லேட்டும் கொடுத்தாராம்.

"சுட்டா ஆருக்குக் கண் எரியும், எனக்கோ அவனுக்கோ?" என்று கேட்டேன்.

"அது காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டதைப் பொறுத்தது அத்தான்."

"சுரங்கப்பாதைக்குள்ள காத்து எப்பிடி அடிக்கும்?"

"அப்ப ரெண்டு பேருக்கும் எரியும்."

இப்படியாக நான் ஆயுதபாணி ஆனேன். அடுத்த கேள்வி உடனே வந்தது. இதை எப்படிக் கொண்டு போவது?

"இடுப்பில வெளியில தெரியக் கட்டுங்கோ," என்றான் அன்ரன். "தெரியாத சாமானுக்கு ஆர் பயப்பிடுறது?"

"தெரியக் கட்டிக்கொண்டு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போறதோ?" என்றாள் ரெஜினா. "கீழ் வீட்டு மனிசி கண்டால் அதிலேயே விழுந்திடும்."

"சரி, கோட்டுக்குள்ள ஒளிச்சுக் கொண்டு போகட்டும்."

"ஒளிச்சால் எடுக்க வேணுமெல்லே? இவர் ரிக்கற்றைத் தேடி எடுக்கிறதுக்குள்ள பஸ் போயிடுது. அவங்கள் நிண்டு பாத்துக்கொண்டு நிப்பாங்களோ?"

அக்காவும் தம்பியும் மாறி மாறிப் பேச, நான் நடுவில் துணிக்கடைப் பொம்மை மாதிரி நின்றேன். ஒருமுறை கோட்டுக்கு மேலே கட்டிப் பார்த்தார்கள். ஒருமுறை உள்ளே செருகிப் பார்த்தார்கள். ஜெர்மன் குளிருக்கு நான் போடுவது பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் கோட். உள்ளே வைத்தால் மூன்று பொத்தான், ஒரு ஜிப் தாண்டித்தான் கை போக வேண்டும். அதற்குள் எதிரிக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிடும். வெளியே கட்டினால்? கறுத்த மனிதன், இடுப்பில் பிஸ்டல். சுரங்கப்பாதைக்காரர்கள் பயப்படுகிறார்களோ இல்லையோ, ஊரில் மற்ற எல்லோரும் பயப்படுவார்கள். பஸ் டிரைவர், பாண்காரி, பாதிரியார் உட்பட.

தெரியக் கொண்டு போனால் பிழையான ஆட்கள் பயப்படுவார்கள். மறைத்துக் கொண்டு போனால் பயப்பட மிஞ்சுவது நான் ஒருவன்தான்.

இந்தக் கேள்வியில் எங்கள் ஆட்களுக்கு அனுபவம் குறைவில்லை. சண்டைக்குத் தப்பி நாங்கள் விட்டுவந்த ஊரில் இரண்டு வகையையும் பார்த்தோம். தெரியக் கொண்டு போனவர்களுக்குச் சைக்கிளை விட்டு இறங்கி வழி விட்டோம். மறைத்துக் கொண்டு வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து, இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டோம். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று எழுத மாட்டேன். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எனக்கு நண்பர். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

கடைசியில் மறைப்பது என்று முடிவாயிற்று. பெல்ட்டில் செருகி ஸ்வெட்டரை இழுத்துவிட்டேன். என் வயிறு முன்னால் வந்து மூடிக்கொண்டது. இத்தனை வருடத்தில் அந்த வயிறு எனக்குச் செய்த முதல் உதவி.

ஒரு கிழமை அப்படிப் போய் வந்தேன். தைரியம் வந்ததா? வரவில்லை. இருந்த கொஞ்சமும் போயிற்று. முன்பெல்லாம் சுரங்கப்பாதைக்குள் மட்டும் பயப்பட்டேன். இப்போது ரயிலில் பயம், யாராவது இடித்தால் தெரிந்துவிடுமே என்று. தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறையில் பயம். குனிந்தால் பயம். என் கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இடுப்பைத் தடவிப் பார்த்தது. அப்படி இடுப்பைத் தடவுகிறவர்களை ஊரில் தூரத்திலேயே கண்டு விலகிப் போனவன் நான். இப்போது கண்ணாடியில் கண்டால் விலகிப் போக வழியில்லை.

அந்த நாலைந்து பேரும் வழக்கம்போலச் சுரங்கப்பாதையில்தான் நின்றார்கள். நான் அவர்களைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போனேன். ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நான் எடுத்திருப்பேனா? அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. எடுத்துவிடுவேனோ என்று.

போன வியாழக்கிழமை.

ரயிலால் இறங்கினேன். மேடையின் முடிவில் பச்சைச் சீருடையில் இரண்டு பொலிஸ்காரர். வருகிறவர்களின் அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசை வைத்த மூத்தவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "ஹலோ, ஒரு நிமிடம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

என் உடம்பு மீதியைத் தானாகச் செய்தது. பையை நிலத்தில் வைத்தது. கோட்டைத் திறந்தது. ஸ்வெட்டர், சட்டை, பனியன் மூன்றையும் ஒரே பிடியாகப் பிடித்து நெஞ்சு வரை உயர்த்தியது.

உங்களில் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் ஒவ்வொரு சந்தியிலும் சோதனைக்கு இறங்கி, சட்டையைத் தூக்கி, இடுப்பில் ஒன்றுமில்லை என்று காட்டி, ஒருமுறை சுற்றித் திரும்பி, பிறகுதானே போனோம்? அங்கிருந்து வந்து எவ்வளவோ காலம். இந்த நாட்டில் ஒரு பொலிஸ்காரர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் சீருடையைக் கண்டால் சட்டை மேலே போகிற வியாதி எங்கள் ஆட்களில் அரைவாசிப் பேரை விட்டுப் போகவில்லை. ஒருமுறை தபால்காரருக்குக்கூடத் தூக்கிக் காட்டப் பார்த்தேன். அவருடையதும் சீருடைதானே.

மற்ற நாட்களில் சட்டைக்குக் கீழே வயிறு மட்டும் இருக்கும். அன்றைக்கு பிஸ்டலும் இருந்தது.

ஒரு கிழமை முழுக்க, மனைவிக்கும் மைத்துனனுக்கும் தெரிந்த ரகசியத்தை ஊருக்குத் தெரியாமல் காத்தேன். கடைசியில் இந்த ஊரிலேயே அசல் துப்பாக்கி வைத்திருக்கும் இரண்டே இரண்டு பேருக்கு என் கையாலேயே திறந்து காட்டினேன்.

பிறகு நான் பார்த்தது சீமெந்துத் தரை. மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட் துண்டு. முதுகில் ஒரு முழங்கால். மணிக்கட்டில் குளிர்ந்த இரும்பு. யாரோ கத்தினார்கள், யாரோ ஓடினார்கள். ரெஜினா சோறு போட்டு மூடி வைத்திருப்பாளே... என்று மட்டும் நினைத்தது ஞாபகம்.

நிலையத்தின் உள்ளே ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். மூத்தவர் பிஸ்டலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை. அதைக் கண்டதும் நீளமாக மூச்சு விட்டார்.

"காஸ்," என்றார் இளையவரிடம். பிறகு என்னிடம், "இதை வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் ஏன் எங்களுக்குக் காட்டினீர்கள்?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். சந்திகள், சைக்கிள், சட்டை. சொல்லி முடிந்ததும், "நீங்கள் கோட்டைத் திறந்தபோது என் கை என்ன செய்தது என்று பார்த்தீர்களா?" என்றார்.

"இல்லை. நான் என் தொப்புளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "உங்கள் கைகள் மேலே இருந்தன. அதனால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு கை கீழே வந்திருந்தால்..."

முடிக்காமல் எழுந்து கோப்பி ஊற்றினார். பாதி கோப்பை மேசையில் சிந்தியது. அப்போதுதான் விளங்கியது, அந்த அறையில் பயந்துபோனவன் நான் மட்டுமில்லை.

குற்றமில்லை என்றபடியால் பிஸ்டலைத் திருப்பித் தந்தார்கள். இடுப்பில் செருக வேண்டாம், வீடு போகும்வரை இதற்குள்ளேயே இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தந்தார்கள். கண்ணாடி மாதிரித் தெளிந்த பை. பிஸ்டல் முழுசாகத் தெரிந்தது. அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, சந்தையில் மீன் வாங்கி வருகிறவன் மாதிரி, சுரங்கப்பாதைக்குள் இறங்கினேன்.

அவர்கள் நின்றார்கள்.

உயரமானவன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். பேச்சு நின்றது. நானும் நின்றேன். திரும்பி ஓடலாமா? முதுகைக் காட்ட மனம் வரவில்லை. அவன் மெதுவாகத் தன் ஜக்கெட்டின் ஜிப்பை இழுத்தான். உள்ளே கறுப்பாக ஒரு கைப்பிடி தெரிந்தது.

"காஸா?" என்று கேட்டான்.

"காஸ்," என்றேன்.

"இதுவும்," என்று ஜிப்பை மூடினான்.

ஒதுங்கி வழி விட்டான். நான் போனேன். மறுபக்கப் படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கிழமையில் ஒருநாள் நான் என்னுடையதை எடுத்திருந்தால், அவன் தன்னுடையதை எடுத்திருப்பான். அவனுடையது அசல் என்று நானும், என்னுடையது அசல் என்று அவனும்... பிறகு யார் என்ன செய்திருப்போம்?

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ரெஜினா சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"பொலிஸ்காரர் சுட்டிருப்பாங்கள்," என்றாள் கடைசியில். அவ்வளவுதான். கோப்பையை வைத்துவிட்டு, சப்பாத்துப் பெட்டியைத் தேடி எடுத்து, அன்றைக்கே தம்பியின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்ரன் உடனே போன் எடுத்தான். "நான் அப்பவே சொன்னனான் அத்தான். தெரியக் கட்டியிருந்தால் இந்தப் பிரச்சினை வந்திராது."

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் இடைவேளை. நான் வேலை செய்வது வெள்ளரிக்காய் ஊறுகாயைப் போத்தலில் அடைக்கும் இடம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மெஹ்மெத் என் ஊர்க்காரர், அதாவது துருக்கியிலிருந்து வந்து எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவர். ஆள் அலுமாரி மாதிரி இருப்பார். அவர் எங்கள் நிலையத்தில் இறங்கக் கண்டு கனநாள் என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஏனோ தெரியாது, வாய் தானாகச் சொன்னது. "எனக்கு அந்தச் சுரங்கப்பாதைக்குப் பயம்."

மெஹ்மெத் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நான் போன இலையுதிர் காலத்திலிருந்து ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன்," என்றார். "வீட்டில் உடற்பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன்."

"மெலிந்தீர்களா?"

"இல்லை. மனைவிக்குச் சந்தேகம்."

நேற்று இருவரும் ஒரே ரயிலில் வந்து, ஒன்றாகச் சுரங்கப்பாதைக்குள் இறங்கினோம். அவர்கள் நின்றார்கள். பார்த்தார்கள். மெஹ்மெத் என் முழங்கையைப் பிடித்து, "மெதுவாக நட. பயப்படுகிறோம் என்று தெரிந்துவிடும்" என்றார்.

"தெரியட்டும்" என்றேன்.

இருவரும் வேகமாக நடந்தோம்.