தேர் நிற்காத ஆறாம் நம்பர்

நாகலெட்சுமியின் வாசலில் அம்மன் தேர் நிற்காமல் போனதற்கு அம்மன் காரணமில்லை. நான்தான் காரணம். தோட்டத்தில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பக்கத்து வாசலில் நின்று கண்ணால் பார்த்தவள் நான். மூன்று மாதமாகிறது.

என் பெயர் ராக்கம்மா. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

நாகலெட்சுமியும் நானும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். எங்கள் லயத்துக்கு ஒரே கூரை, வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். அவள் இரண்டாம் நம்பரில் பிறந்தாள். மாயாண்டி அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆறாம் நம்பருக்கு வந்தாள். நாலு கதவு தாண்டியதுதான் ஐம்பத்தாறு வயது வரை அவள் செய்த பெரிய பயணம். கல்யாணத்தன்று அவளுடைய அம்மா தேம்பித் தேம்பி அழ, கடல் தாண்டியா போகிறாள் என்று எல்லோரும் கேலி செய்தோம்.

நான் ஏழாம் நம்பர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. அவள் இருமினால் நான் இந்தப் பக்கம் சுக்கு தட்டுவேன். நான் பிள்ளைகளைத் திட்டினால் அவள் அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் குளவி கொட்டி மாயாண்டி அண்ணன் செத்துப்போனபோது அவள் வாய்விட்டு அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நகம் பதிந்த இடம் ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது.

அவளுக்கு ஒரே மகன், நிரோஷன். தெற்குக் கடற்கரையில், வெலிகமவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் சமையல் வேலை. அங்கேயே வாடகைக்கு வீடு எடுத்து மனைவி சுலக்ஷனாவோடு இருக்கிறான். தைப் பொங்கலுக்கு வந்தவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, குழந்தை பிறக்கப் போகிறது, அம்மா இனிக் கொழுந்து எடுத்தது போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட வேண்டும் என்று சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கையிலிருந்த அகப்பை நழுவிவிட்டது.

லயம் முழுக்க இதே பேச்சாகிப் போனது. கடல் பொங்கி வந்தால் எங்கே ஓடுவாள் என்றார்கள். சிங்களம் சரளமாக வராதே என்றார்கள். அங்கேயும் வருடம் பூராவும் மழைதானாமே, மழைக்குப் பயந்து மழைக்குள்ளேயே போய் விழுகிறாளே என்றும் சொன்னார்கள். முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். நாகலெட்சுமி மட்டும் பிடி கொடுக்கவில்லை. யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்றே நாலு மாதத்தைக் கடத்தினாள். முழங்கால் வலி அவளை அந்தப் பக்கம் இழுத்தது. இந்தப் பக்கம் எது இழுத்தது என்று அவள் சொல்லவில்லை. நானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தி பிறந்தாள். வைகாசியில் ஒரு சனிக்கிழமை விடிகாலை, பதினைந்து நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டாள். புறப்படும்போது வீட்டுக் காமாட்சி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"வெள்ளிக்கெழமையில ரெண்டு சொட்டு எண்ண ஊத்தி ஏத்திரு புள்ள."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் லயத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். யாரும் விளக்கை வெளியே எடுக்க மாட்டார்கள். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். வீட்டு விளக்கு வாசற்படி தாண்டினால் அந்தக் குடும்பம் அந்த வீட்டை முடித்துக்கொண்டது என்று அர்த்தம். நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது கப்பலேறி இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் அப்படித்தான் விளக்கைக் கொடுத்துவிட்டுப் போயின. அவளும் என்னோடு நின்று அதைப் பார்த்தவள்தானே. ஆகவே தெரிந்துதான் செய்கிறாள், பதினைந்து நாள் என்பது சும்மா பேச்சு, என்னிடம் வாயால் சொல்லத் தைரியமில்லாமல் விளக்கால் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஒரே சுவரில் முதுகு சாய்த்தவள் என்னிடமே மறைக்கிறாளே என்ற எரிச்சலில் சரி என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் பஸ் ஏறியதும் விளக்கை ஒரு சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வெள்ளிக்கிழமை வந்தது. நான் ஏற்றவில்லை. வேண்டுமென்றேதான் ஏற்றவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கோயில் தலைவர் பழனியாண்டி திருவிழாவுக்குப் பெயர் எழுத வந்தார். தேர் நிற்க வேண்டிய வீடுகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். இந்தக் குளிரில் வேப்பமரம் வளராது. மாத்தளைப் பக்கமிருந்து ஒரு மூட்டை வேப்பிலை வரும், அதைப் பெயருக்கு ஒரு கொத்தாகப் பிரித்துத் திருவிழாவன்று காலையில் கதவில் கட்டுவார்கள். தேரைக் கட்டி இழுக்கும் கொழுந்து லொறி வேப்பிலை இருக்கும் கதவில் நிற்கும், இல்லாத கதவைத் தாண்டிப் போகும். ஆறாம் நம்பரில் பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்.

"அவ போயிட்டாண்ணே," என்றேன். "இனி வர மாட்டா. வெளக்கக்கூட எங்கிட்ட குடுத்துட்டா."

விளக்கு என்றதும் அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எட்டாம் நம்பருக்குப் போனார்.

தேர் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் போய்ப் பதினைந்தாம் நாள். தூறலும் பனியுமாக, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பகல். பன்னிரண்டு கதவில் பதினொன்றில் வேப்பிலை. மூன்று மணிக்குத் தப்புச் சத்தம் லயத்து மூலைக்கு வந்துவிட்டது. நான் தட்டோடு வாசலில் நிற்கிறேன். அப்போது பஸ் நிற்கும் வளைவிலிருந்து ஒரு பெண் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தேங்காயுமாக மேலே ஓடி வருகிறாள். முழங்கால் வலிக்காரி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நாகலெட்சுமி.

வெயிலில் கறுத்திருந்தாள், கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்தாள். ஹட்டனில் பஸ் பிந்திவிட்டது, நல்ல வேளை தேர் வருவதற்குள் வந்துவிட்டேன் என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கதவை அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தக் கதவில் வேப்பிலை இல்லாத வருடம் ஒன்று இருந்ததே இல்லை, அவள் ஏன் பார்க்கப் போகிறாள்?

நான் பார்த்தேன். தேர் நாலாம் நம்பரில் நின்றிருந்தது. என் கதவில் தொங்கும் கொத்தில் பாதியைப் பிய்த்து அவளுடைய கதவில் செருக அரை நிமிடம் போதும். கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. விளக்கைக் கொடுத்தவள் திரும்பி வந்துவிட்டாள் என்பது என் புத்திக்குள் இறங்கவே இல்லை. செத்தவர் நேரில் வந்து நின்றாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அவள் தட்டோடு வெளியே வந்து சூடத்தைக் கொளுத்தி நெஞ்சுக்கு நேராக ஏந்தினாள். தேர் ஐந்தாம் நம்பரிலிருந்து நகர்ந்தது. அவள் ஓரடி முன்னால் வந்தாள். லொறி நிற்கவில்லை. டிரைவர் கதவைப் பார்த்தான், இலை இல்லை, போனான். லொறியில் நின்று பெயர் படிக்கும் பூசாரி கொப்பியில் குனிந்திருந்தார். அம்மன் முகம் அவளைக் கடந்து வந்து என் வாசலுக்கு நேராக நின்றது. "ஏழாம் நம்பர், ராக்கம்மா குடும்பம்" என்று பூசாரி படித்தார்.

நான் தட்டை நீட்டவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தேரைப் பார்த்தபடியே இருந்தாள். தூறலில் சூடம் அணைந்தது. பிறகுதான் மெதுவாகத் திரும்பித் தன் கதவின் மேற்கட்டையைப் பார்த்தாள்.

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. பழனியாண்டி ஓடி வந்தார், முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. நீ போய்விட்டதாகச் சொன்னார்கள் என்று திக்கித் திக்கிச் சொன்னார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். தேரைக் கொஞ்சம் பின்னால் எடுக்கலாமே என்று நான் கத்தினேன்.

"போன தேரு பின்னுக்கு வரப்படாது தங்கச்சி," என்றார் அவர், என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து. "அடுத்த வருஷம் மொத வாசலா நிப்பாட்டுறேன்."

"பரவாயில்லண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். தேர் எட்டாம் நம்பருக்கு நகர்ந்தது.

தேர் கோயில் திரும்பியதும் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அழுதிருக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டாள். கேட்காமலே கடலைப் பற்றிச் சொன்னாள். இங்கே மழை தலைக்கு மேலே பெய்யும், அங்கே காற்றோடு வந்து முகத்தில் அடிக்கிறதாம். துவைத்த துணி மூன்று நாளானாலும் பிசுபிசுக்கிறதாம். வீட்டுக்காரச் சிங்களப் பெண்ணோடு பாதி பேச்சும் பாதி சிரிப்புமாகச் சமாளித்திருக்கிறாள். காலில் ஏறும் அட்டை இல்லை, விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பகல் பூராவும் கால் நனையாமல் இருந்திருக்கிறாள்.

"எனக்குப் புடிச்சுப்போச்சு ராக்கு. அதான் பயமாப் போச்சு," என்றாள்.

அதனால் முடிவை அம்மனிடம் விட்டிருக்கிறாள். தேர் ஆறாம் நம்பரில் நின்றால் தோட்டத்திலேயே இருந்துவிடுகிறேன், நிற்காமல் போனால் மகனிடம் போகிறேன் என்று நேர்ந்துகொண்டு, தேர் முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று நிரோஷனிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாள். முப்பத்தைந்து வருடமாக ஒரு தடவைகூட நிற்காமல் போகாத தேர். இருந்துவிடு என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் கேள்வியே கேட்டிருக்கிறாள். அவள் இருக்கத்தான் வந்திருக்கிறாள்.

"ஆத்தா சொல்லிட்டா," என்றாள். "அந்த வெளக்கக் குடு புள்ள. ராவைக்கு ஒரு தரம் ஏத்திட்டுக் காலையில எடுத்துட்டுப் போறேன்."

சாக்கை இழுத்துப் பிரித்தேன். அவள் விளக்கை வாங்கி, எண்ணெய்க் குழியில் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தூசி ஒட்டியது. விரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ விளக்கைக் கொடுத்ததும் ஒரேயடியாகப் போகிறாய் என்று நினைத்தேன், கோபத்தில் ஏற்றவில்லை, பழனியாண்டியிடம் நான்தான் சொன்னேன், உன் கதவில் இலை இல்லை என்று தெரிந்தும் சும்மா நின்றேன், அம்மன் எதுவும் சொல்லவில்லை, சொன்னதெல்லாம் நான், நீ போக வேண்டியதில்லை. காலில் விழவும் குனிந்தேன். அவள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெள்ளிக்கெழம இருட்டாக் கெடக்கக் கூடாதேன்னுதான் குடுத்தேன்," என்றாள். "ஊர விட்டு எப்புடிப் போறதுன்னு எனக்கு என்ன தெரியும்? நான் எங்க போயிருக்கேன்?"

வெளியே மழை வலுத்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"பழனியாண்டியண்ணன் நெனைச்சா பரவாயில்ல. லயமே நெனைச்சாலும் பரவாயில்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, நீயே எட்டு நாள்ல என்னயப் போயிட்டவளா முடிவு பண்ணிட்ட." அவள் குரல் உயரவே இல்லை. "அப்ப நான் போயிட்டேன் புள்ள. பஸ்ஸுல ஏறலயே தவிர."

எண்ணெய்ப் போத்தலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சம் கூரைத் தகரத்தில் தெரிந்தது. விடிந்ததும் அவள் பையை நான்தான் வளைவு வரை சுமந்தேன். அவள் மறுக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து விளக்கை மடியில் வைத்துக்கொண்டு சாவியை ஜன்னல் வழியாக நீட்டினாள். இப்போதும் என் மேல் எனக்கு அடங்காத கோபம் அந்த இடத்தில்தான் வருகிறது. இந்தத் தடவையும் நான், திரும்பி வருவாயா என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.