தேய்ந்துபோன மயில்

நல்லதண்ணியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மலைக்கு யாத்திரை போகிற சீசன் முடிந்து, நான் கோப்பை கழுவிய கடையைத் தகரம் தகரமாகக் கழற்றிவிட்டார்கள். சீசன் பஸ்ஸும் நின்றுவிட்டது. நோர்வூட்டை நெருங்கும்போது பெருமழை பிடிக்க, ரோட்டோரத்துத் தேயிலைத் தோட்ட லய வீடொன்றில் ஒதுங்கினேன்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவர் அடுப்போரம் இடம் கொடுத்தார். அவர் மனைவி வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். கட்டியாம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அசைய மறுத்தாள். பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி போன மாசம் கத்திக்குப் போய்த் திரும்பவில்லை.

நனைந்த மடியை அவிழ்த்து உலர்த்தினேன். சாமான்களோடு ஒரு பழைய செம்புக் காசும் விழுந்தது. மன்னாரில் கிணறு வெட்டியபோது மண்ணோடு வந்தது. கட்டைவிரல் நக அளவு, பச்சை பிடித்தது. ஒரு பக்கம் முத்துப்பட்டம் கட்டிய தலை. மறுபக்கம் கேடயத்தோடு ஒருவன், குதிரையோடு விழுந்தவனை ஈட்டியால் குத்துகிறான். ரோமாபுரி ராசாவும் அவன் சிப்பாயும் என்று அங்கிருந்த ஓவர்சியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

அவள் அதை எடுத்து விளக்கருகே பிடித்தாள்.

"முருகன்! சூரனைக் குத்துறாரு."

சுடுதண்ணி கொண்டுவந்த வேதக்கார அடுத்த வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "போடி, இது எங்க மிக்கேல் சம்மனசு. பிசாசைக் குத்துறாரு. முருகன்னா மயில் எங்க?"

"தேஞ்சு போச்சுக்கா."

"சூரனுக்குக் குதிரை மட்டும் தேயலையாக்கும்!"

வலியோடு சிரித்தவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க தம்பி. யாரு இது?"

புருஷன் என்னையே பார்த்தார்.

"வேல் வச்சிருக்காருங்க" என்றேன். அது பொய்யில்லை. மீதியைச் சொல்லவில்லை.

"அப்ப இதை முடிஞ்சு கட்டிக்கிட்டுப் போறேன். சுகமாகி வந்தா கதிர்காமத்து உண்டியல்ல போட்டுடுறேன். தருவீங்களா?"

நேர்ந்து முடிந்த காசு திரும்பாது. ஏழெட்டு வருஷம் என்னோடு அலைந்தது அது ஒன்றுதான். கொடுத்தேன். அடுத்த வீட்டம்மாவே மஞ்சள் துணி கிழித்து அவள் மணிக்கட்டில் கட்டி, தன் பங்குக்கு ஒரு சிலுவையும் போட்டுவிட்டாள்.

புருஷனுக்கு இன்னொரு கவலை. "நான் இவளோட போயி, நாளைக்குத் தேயிலை மலைக்கு ஆள் கொறைஞ்சா கங்காணி ஏசுவான். கவ்வாத்துக் கத்தி புடிச்சிருக்கீங்களா தம்பி?"

"இல்லீங்க."

"சாய்ச்சு இழுங்க. வந்துரும்."

விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் கத்தியோடு நின்றேன். கங்காணி என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார். மூன்றாவது செடியை வெட்டும்போது கீழே அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஹட்டன் பஸ் வந்தது. ஜன்னலோரம் மஞ்சள் தெரிகிறதா என்று நிமிர்ந்தேன். பஸ் வளைவில் மறைந்தது.

"செடியைப் பாருடா!" என்றார் கங்காணி. குனிந்து சாய்த்து இழுத்தேன்.