அண்ணி வேண்டாம் என்று சொன்னது

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு எவர்சில்வர் டம்ளர். அது நிறைய கறுத்த பச்சை நிறத்தில் கஷாயம் இருக்கும். பிள்ளை தங்க வேண்டும் என்று அம்மா யாரிடமோ கேட்டு வாங்கி வந்த பொடியைக் காய்ச்சி, அண்ணி விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் நீட்டுவாள். அண்ணி நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். நாற்பத்தெட்டு நாள் அப்படிக் குடித்தாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் குப்பம். அப்பாவும் பெரியப்பாவும் கடலுக்குப் போனவர்கள். அண்ணன் போகவில்லை, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அண்ணியும் அங்கேதான் வேலை பார்த்தாள். அவளுடையது திருப்போரூருக்கு உள்ளே, பயிர் வைக்கும் குடும்பம். கடற்கரைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் வீட்டை விட்டால் அவளுக்குப் போக ஓர் இடம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

நான் அப்போது செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, துப்பட்டாவுக்கு ஊக்கு தேடி அண்ணியின் கைப்பைக்குள் கையை விட்டேன். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று கையில் வந்தது. படித்துப் பார்த்தேன். கருத்தடை மாத்திரை. அந்த நாற்பத்தெட்டு நாள் கூட அப்போது முடிந்திருக்கவில்லை.

அண்ணி என் கையைப் பார்த்தாள். பதறவில்லை. அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிள்ளை பெற பயமா, உடம்புக்கு ஏதாவது சிக்கலா என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஏதாவது ஒரு காரணம் அவளிடம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"பயமெல்லாம் இல்ல பாப்பா. எனக்குப் புள்ள வேணும்னு ஒரு நாளும் தோணல. அவ்ளோதான். கல்யாணத்துக்கு மின்னாடியே உங்க அண்ணங்கிட்ட சொல்ட்டேன். சரின்னாரு."

பிறகு ஏன் இந்தக் கஷாயம் என்றேன். அம்மாவிடம் தானே பக்குவமாகச் சொல்வதாக அண்ணன் சொல்லியிருக்கிறானாம். அதுவரை பொறுத்துக்கொள் என்றானாம். கல்யாணமாகி அப்போது ஐந்து வருஷம். ஐந்து வருஷமாக ஊர் அவளை மலடி என்றது. அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்றான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அந்தச் சத்தியத்தை நான் நான்கு மாதம் காப்பாற்றினேன். பெரியப்பா மகளுக்கு வளைகாப்பு வந்தது. அண்ணி வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். பெரியம்மா எழுந்து வந்து அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறத்தைக் காட்டினாள். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி கொல்லைக்குப் போய், விருந்து முடிகிறவரை அண்டா கழுவினாள். என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: அண்ணிக்கு ஒரு குறையும் இல்லை, அவளாகத்தான் வேண்டாம் என்று மாத்திரை போடுகிறாள்.

உண்மை தெரிந்தால் அவளை மலடி என்று சொல்வதாவது நிற்கும் என்று நினைத்தேன். அண்ணனுக்கும் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று விட்டேன். அவனைக் காப்பாற்றினேன் என்பதுதான் சரி.

மறுநாள் மதியம் பெரியப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெரியப்பா அண்ணனைத்தான் முதலில் கேட்டார், இது உனக்குத் தெரியுமா என்று. அண்ணன் சுவர் ஓரம் கிடந்த வலையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது" என்றான்.

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபத்தை விட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் இருந்தது. பெரியப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"உம் புருசன் தெரியாதுன்றான். நீ இன்னா சொல்ற?"

அண்ணி திரும்பினாள். வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தாள். அவளைத் தவிர உண்மையைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்தி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு சொன்னா அது அப்டியே இருக்கட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலமே இரண்டு பைகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு நடந்து போய் பஸ் ஏறிவிட்டாள். யாரும் கூடப் போகவில்லை. பிற்பாடு விவாகரத்துக் காகிதத்தில் அவளைப் பற்றி எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். அண்ணனுக்கு அடுத்த வருஷமே வேறு பெண் பார்த்தார்கள். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

போன மாதம் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ஊரப்பாக்கத்தில் அண்ணி ஏறினாள். எட்டு வருஷம் ஆகியிருந்தது. முன் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அங்கேயே தனியாக வீடு எடுத்து இருக்கிறாளாம். அதே கம்பெனியில் இப்போது சூப்பர்வைசர். ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவிடம் நான்தான் சொன்னேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று அழுதேன்.

"நீ போயி சொன்னதுல எனக்குக் கோவமில்ல" என்றாள். "என்னக் கூப்ட்டு வச்சு கேட்டப்ப நீ பேசாம நின்ன பாரு, அதான்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மறுபடி சொன்னாள். "புள்ள வேணாம்னுதான் நான் சொன்னேன். அவரே வேணாம்னு நான் சொல்லல."

அவள் குரல் உடைந்ததை அன்றுதான் முதல் முறை கேட்டேன். சிங்கப்பெருமாள் கோயில் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். போன் நம்பர் கேட்டேன். சிரித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீனுக்கு முள் எடுத்துப் பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்தேன் என்றேன். அண்ணனின் கை சோற்றிலேயே நின்றது. அன்றைக்கு அவன் சொன்னது பொய், கல்யாணத்துக்கு முன்பே அவனுக்குத் தெரியும், அது எனக்கும் தெரியும் என்று அம்மாவிடம் சொன்னேன். எட்டு வருஷம் கழித்துச் சொன்னேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு இன்னா தெரியாதா? பெரியவங்க வர்றதுக்கு மொத நாளு ராத்திரியே அழுதுகினு வந்து எல்லாத்தையும் சொன்னான். நான்தான் தெரியாதுன்னு சொல்லச் சொன்னேன். ஆம்பளப் புள்ள, அவன் பேரு கெடணுமா?"

அடுத்த வாயை உருட்டிப் பேரனுக்குக் கொடுத்தாள். அண்ணன் தட்டோடு எழுந்து கை கழுவப் போனான். சமையற்கட்டில் அவன் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

இதை அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஊரப்பாக்கத்தில் ரயில் நிற்கும்போதெல்லாம் பிளாட்பாரத்தைப் பார்க்கிறேன். ஆனால் அவளைப் பார்த்தால் என்னவென்று சொல்வேன்? அந்தப் பொய் அண்ணனுடையது இல்லை, அவனுக்கு அம்மா சொல்லிக்கொடுத்தது என்றா? அவன் அழுதான் என்றா? எதைச் சொன்னாலும், அவள் அவனைத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் அவன் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து அவள் என்னைப் பார்த்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.