அரம் கடித்த இரும்பு

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் தெருவில் பேர். பொய் இல்லை. ஆனால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. என் வீட்டுக்காரருக்கு வாயே கிடையாது. ஒரு வீட்டில் யாராவது ஒருத்தர் பேசித்தானே ஆகவேண்டும்?

ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் போகிற ரோட்டின்மேல் எங்கள் பட்டறை இருந்தது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பம்பின் வார்ப்பிரும்பு உடம்பில் துளை போட்டு, அந்தத் துளைக்குள் போல்ட்டு சுற்றி ஏறுவதற்குச் சுருள்சுருளாக மரை வெட்டுவது அவருடைய தனி வேலை. அதற்கு டேப் என்று ஒரு கருவி. விரல் நீளம், உடம்பெல்லாம் பல். கைப்பிடியில் மாட்டி, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று பையப் பைய இறக்கவேண்டும். அவர் வெட்டிய மரையில் போல்ட்டை விரலாலேயே முடுக்கிவிடலாம். களக்காட்டிலிருந்துகூட வேன் பிடித்துப் பம்பைத் தூக்கி வருவார்கள். எனக்கு அதில் தலைகொள்ளாத பெருமை. நான் அதை மறைத்ததும் இல்லை.

சாமான் எல்லாம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரே கடையில்தான் வாங்குவோம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கடை அண்ணாச்சியிடம்தான் பழக்கம். கடையை மாற்றுவது பெண்டாட்டியை மாற்றுவதுபோல என்று நினைக்கிற மனுஷர் என் வீட்டுக்காரர்.

மொட்டைமாடிகளில் டிஷ் ஆண்டெனா முளைக்க ஆரம்பித்த வருஷங்கள் அவை. அப்போதுதான் சாமான்களின் லட்சணமும் மாறியது. இரும்பு அறுக்கிற பிளேடு பல் கொட்டியது. துளை போடுகிற பிட்டு, இரண்டு துளைக்குள் மழுங்கியது. என் வீட்டுக்காரர் கடையில் போய் ஒரு குறை சொல்லவில்லை. சாணைக்கல்லில் தீட்டுவார், மறுபடி போடுவார், மறுபடி தீட்டுவார்.

பிறகு வந்தது பெரிய அடி. ஆற்றங்கரையில் வாழை போட்டிருந்த ஒருவர், எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். அவர் பம்பில் இவர் வெட்டிய மரை உரிந்து, போல்ட்டு கையோடு வந்துவிட்டது. சரி செய்து கொடுத்தோம். மறுபடி உரிந்தது. குலை தள்ளுகிற சமயத்தில் நான்கு நாள் தண்ணீர் இல்லை. அந்த மனுஷர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகச் சொன்னார்: “வே, கோவிச்சிக்கிடாதேயும். உம்ம கையில பழைய நெதானம் இல்ல. வயசாவுதுல்லா.”

நாற்பத்தெட்டு ஒரு வயசா? ஆனால் இவர் நம்பிவிட்டார். காலையில் தம்ளர் நிறையத் தண்ணீரை ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததை நானே கதவிடுக்கில் பார்த்தேன். மரை வேலை என்று யார் வந்தாலும் ஜங்ஷன் பட்டறைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை காலி இருப்பதாக விசாரித்துக்கொண்டும் வந்தார்.

“கோட்டி பிடிச்சிட்டா உங்களுக்கு? சாமான் சரியில்லாம இருக்கலாம்லா?” என்றேன்.

“ஏளா, அண்ணாச்சி கடைச் சாமான். அதே பொட்டி, அதே கலரு. குத்தம் கையிலதான்.”

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அறுப்புக்குப் போகிற பெண்கள் அரிவாளைக் கொண்டுவந்தால் அரம் போட்டுக் கொடுப்பது என் சோலி. காய்ச்சித் தோய்த்து நல்ல பதம் ஏறிய கெட்டி இரும்பில் அரம் வழுக்கும். கண்ணாடியில் தேய்த்ததுபோலக் கீச்சிடும். பதம் இல்லாத இரும்பை அரம் கடிக்கும், தூள் உதிரும். அதை என் கை சொல்லும், காது சொல்லும். அந்த உரிந்த மரையை வெட்டிய டேப்பைக் கழிவுப் பெட்டியிலிருந்து எடுத்து, பல் முனையில் அரத்தை வைத்தேன். வெண்டைக்காயைக் கடிப்பதுபோலக் கடித்தது. இந்தப் பல்லை வைத்து வெட்டினால் மரை எப்படி நிற்கும்? இவரிடம் காட்டினேன்.

“வேலை செஞ்ச சூட்டுல பதம் எறங்கியிருக்கும்,” என்றார்.

அப்படியானால் புதிதைத்தான் சோதிக்கவேண்டும். அங்கேதான் முட்டுக்கட்டை. எங்கள் பட்டறையில் புதுச் சாமான் வந்தால் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, அப்படியே வேலைக்குத்தான் எடுக்கவேண்டும். புது ஆயுதத்தின் முகத்தில் அரம் படக்கூடாது. பட்டால் அது ஆயுதத்துக்கும் அவமரியாதை, கொடுத்த கடைக்கும் அவமரியாதை. இவர் அதில் கறார். அதனால்தான் கடைக்காரர் என்ன கொடுத்தாலும் நாங்கள் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஒரு வெள்ளிக்கிழமை, டவுனில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பைக்குள் அரத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நெல்லையப்பர் மன்னிப்பார். நேரே கடைக்குப் போனேன்.

“என்ன தங்கச்சி, நீ வந்திருக்க? அவன் எங்க?” என்றார் அண்ணாச்சி.

“அவுக வரல. அரை இஞ்சு டேப் ஒண்ணு குடுங்க.”

பெட்டியைத் திறந்து, எண்ணெய்த்தாள் பிரித்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் பைக்குள்ளிருந்து அரத்தை எடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“ஏ யம்மா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா புதுச் சாமான்ல அரம் வைக்கியா? கடை வெளங்குமா?”

“எங்க பட்டறை வெளங்கலியே அண்ணாச்சி, அதுக்கு என்ன சொல்லுதீய?” என்று சொல்லிக்கொண்டே பல்லின்மேல் ஒரு இழு இழுத்தேன்.

கடித்தது. அவர் விரித்து வைத்திருந்த பேப்பரில் தூள் உதிர்ந்தது.

“இன்னொண்ணு எடுங்க,” என்றேன். அதையும் கடித்தது. மூன்றாவதையும் கடித்தது.

“தங்கச்சி, சரக்கு அதே கம்பெனி, அதே பொட்டி. நான் எதையும் மாத்தல. ஒரு பயலும் இதுவரைக்கும் கொறை சொல்லல,” என்றார்.

“பழைய சரக்கு ஏதும் கெடக்கா?”

மேசை டிராயரில் துழாவி, தாள் மஞ்சளாகிப்போன ஒன்றை எடுத்தார். அதில் அரத்தை வைத்தேன். கீச்சென்று வழுக்கிக்கொண்டு போனது. பல்லில் ஒரு கீறல் இல்லை. கடை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

போல்ட்டு வாங்க வந்து நின்ற மேலப்பாளையத்துப் பட்டறைக்காரர் ஒருவர், என்னிடமிருந்து அரத்தை வாங்கிப் புதிதையும் பழையதையும் தானே தேய்த்துப் பார்த்தார். “அக்கா சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. நானும் ஆறு மாசமா என் கையத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார்.

குறை சொல்ல ஒரு பயலும் ஏன் வரவில்லை என்று அண்ணாச்சிக்கு அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும். தொழில் தெரிந்தவன் எவனும் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவான். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பாவம் பார்க்க வரவில்லை.

“எல்லாத்தையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிருதேன். உங்களுக்கு மாத்தித் தாரேன்,” என்றார்.

“மாத்துறது இருக்கட்டும். நீங்க எங்க பட்டறைக்கு வரணும். வந்து, கை போகல, சாமான்தான் போச்சுன்னு அவுககிட்ட உங்க வாயால சொல்லணும். நான் சொன்னா ஏறாது.”

“கடைய விட்டுட்டு எப்படி வருவேன்?”

“எங்க வீட்டு ஆம்பள பட்டறையவே விட்டுட்டு வாட்ச்மேன் சோலிக்குப் போகப்போறாவ. நீங்க ஒரு நாள் கடைய விட்டா குடி முழுகிருமா?”

நான் அரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் நிஜமாகவே கோயிலுக்கும் போனேன்; சொன்ன வார்த்தை பொய்யாகக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு அண்ணாச்சி இறங்கினார். இவர் பதறிப்போய் லுங்கியை மாற்றி வேட்டி கட்ட உள்ளே ஓடினார். அண்ணாச்சி உட்காரக்கூட இல்லை. “லே, உன் கையில ஒரு கொறையும் இல்ல. நான் குடுத்த இரும்புலதான் பதம் இல்ல. உன் பொஞ்சாதி கடையில வச்சே அரம் போட்டுக் காட்டிட்டா,” என்றார்.

“புதுச் சாமான்லயா அரம் வச்சா?” என்று என்னைப் பார்த்து முறைத்தார் இவர். பார்த்தீர்களா, அதுதான் முதலில் உறைத்தது அவருக்கு!

அண்ணாச்சி மடியிலிருந்து அந்தப் பழைய டேப்பை எடுத்து நீட்டினார். இவர் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு பழைய பம்பு உடம்பை வைஸில் இறுக்கினார். துளை போட்டார். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. வெட்டி முடித்து, தூளை ஊதிவிட்டு, போல்ட்டை இரண்டு விரலால் வைத்துச் சுற்றினார். அடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இவர் திரும்பவே இல்லை. பம்பின்மேல் கையை ஊன்றி அப்படியே நின்றார். முதுகு குலுங்கியது. என் மனுஷர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி, “புதுச் சரக்கு வரும்போது சொல்லி அனுப்புதேன். நீ வந்து பாத்துச் சரின்னு சொன்னாத்தான் விப்பேன்,” என்றார்.

இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “நான் எதுக்கு அண்ணாச்சி? என் கைக்கு மரை போடத்தான் தெரியும். இரும்பை அறியுத கை இவளுக்குத்தான் இருக்கு. இவளக் கூப்பிடுங்க.”

வெளியாள் முன்னால் என்னைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதே இல்லை. எனக்கு, இந்த வாயாடிக்கு, ஒரு வார்த்தை வரவில்லை. காப்பி போடுகிற சாக்கில் உள்ளே ஓடிவிட்டேன். நெஞ்சு நிறைந்து கண் மறைத்ததில் சீனி போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார்கள்.