ஊறப்போட்ட கல்

முத்தாபுதுப்பேட்டை போகிற வழியில், எங்கள் தெருமுனையில் ஒரு வார்ப்படக் கம்பெனி. கருப்பு மணலில் அச்சு செய்து, இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். மணல் வீணானதும் பக்கத்துக் காலி மனையில் கொட்டிவிடுவார்கள். மழையில் அந்தக் கருப்பு வழிந்து எங்கள் வாசல்வரை வரும். ஒரு வருஷம் கிணற்றுத் தண்ணீரே துரு வாடை அடித்தது. இன்றைக்கும் நாங்கள் குடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

போன கோடையில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"இனிமே மண்ண வெளிய கொட்ட மாட்டோம் ஆச்சி. சிமெண்டு சேத்து கல்லாக்குதோம். ஒங்க தெருவுக்கு இனாமாவே பதிச்சுத் தாரோம். கிணத்தச் சுத்தியும் போட்டுருவோம், சகதி இருக்காது."

இனாம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. கொட்டினால் கெடுதல், கல்லாக்கினால் நல்லதா? அதே மண்தானே. ஆனால் படித்த பிள்ளையிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. "ஆகட்டும்மா" என்று சொல்லிவிட்டேன்.

கல் வந்து இறங்கியது. யாரும் பார்க்காதபோது ஒன்றை முந்தானையில் மூடி எடுத்து வந்தேன். புது மண்சட்டியை ஊறவைத்துப் பழக்குவதுபோல, வாளித் தண்ணீரில் போட்டேன். குனிந்து குனிந்து பார்ப்பேன், மோந்து பார்ப்பேன்.

மகன் சிரித்தான். "இன்னாம்மா, ஊறப் போட்டுகினு கீற? இன்னிக்கு கல்லு கொழம்பா?"

"போடா. கல்லுல இருக்கறது கெணத்துல எறங்கிட்டா நீயா வந்து எடுப்ப?"

தண்ணீர் கலங்கவில்லை. வாடையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கென்றால் வடிகட்டிவிடலாமே.

கிணற்றடியில் பதிக்க ஆட்கள் வந்த அன்று அந்தப் பெண்ணும் வந்தாள். வாளியைப் பார்த்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்ன ஆச்சி, எங்க கல்லயா சோதிக்கிய? லேப்ல பாத்தாச்சுல்லா."

"எந்த லேபும்மா?"

"கம்பெனி அனுப்புற லேபுதான்" என்றவள், குனிந்து வாளியைப் பார்த்தாள்.

"கெணறும்மா... குடிக்கிற தண்ணி." கிணற்றைக் காட்டினேன்.

அவள் ஒரு பாட்டிலில் வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டாள். "வெளிய வேற எடத்துல குடுத்துப் பாக்கேன். அதுவரைக்கும் கிணத்தடில கை வைக்க மாட்டோம்."

அவள் போனதும், அதே வாளியிலிருந்து நானும் ஒரு பாட்டில் நிரப்பி, மூடியை இறுக்கி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். நல்ல பிள்ளைதான். ஆனாலும் அவளுக்குச் சம்பளம் தருவது கம்பெனிக்காரன். என்னிடமும் ஒன்று இருக்கட்டும்.

தெரு முழுக்கக் கல் பதித்தாகிவிட்டது. எங்கள் கிணற்றடி மட்டும் இன்னும் மண்ணாகவே கிடக்கிறது.