பாட்டிலை விட்ட கை

அண்ணன் எந்தப் பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. இரங்கல் கூட்டத்தில் அவனை 'வெற்றி வீரர்' என்றார்கள். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். சைக்கிள் அணியில் அவன் வேலை, காரிலிருந்து பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு முன்னால் போகும் நட்சத்திர வீரரிடம் சேர்ப்பது. பட்டப்பெயர், தண்ணி லாரி.

அன்று கடைசி மலை. நேரக்கெடுவுக்குள் எல்லையைத் தொடாவிட்டால் பந்தயத்தை விட்டே வெளியே. அடுத்த வருட ஒப்பந்தமும் போச்சு. காலையில் அணி டாக்டர் ஊக்கமருந்து ஊசியோடு வந்தார்.

"எல்லாரும் போட்டுக்கறாங்கப்பா. நீ மட்டும் என்ன உத்தமனா?"

"வேணாம் டாக்டர். விட்டுடுங்க."

பாதி மலையிலேயே பின்தங்கிவிட்டான். நான் அணியின் மெக்கானிக், காரின் பின்சீட்டில் இருந்தேன். ஓட்டிய மேனேஜர் கத்தினார்: "பாட்டிலை நீட்டும்மா! சட்டுனு விட்டுடாதே!"

பாட்டிலை இருவரும் பிடித்திருந்தால் கார் ஆளை இழுத்துக்கொண்டு போகும். எல்லா அணியும் செய்வதுதான். நடுவர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணன் எட்டிப் பிடித்தான். கார் சீறியது. அவன் கால்கள் மிதிப்பதை நிறுத்தின.

"விடாதடீ!" என்றான். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! காலையில் ஊசியை மறுத்தவன்தான். பிழைப்பு போகிறது, கால் ஓய்கிறது, நீட்டிய கை சொந்தத் தங்கையுடையது. யார்தான் விடுவார்கள்?

வளைவில் வேறொரு அணியின் தண்ணி சுமக்கும் வீரர் தனியாகத் திணறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "என்ன மாப்ளே, ஊர்வலமா? மேளம் எங்கே?" என்றார்.

அண்ணனின் காது சிவந்தது. பாட்டிலை விட்டான்.

"டேய், பைத்தியமா!" மேனேஜர் ஸ்டியரிங்கைக் குத்தினார்.

"நீங்க போங்க சார்!"

பிறகு அந்த இருவரும் மாறி மாறி முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினார்கள், பாருங்கள்! கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு கத்தியது. கெடு முடியக் கொஞ்சமே இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பாகத் தொங்கி, "அண்ணா, மிதி! மிதி!" என்று அலறினேன். கோட்டைத் தாண்டி இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். கெடு தாண்டவில்லை! எனக்குக் குரலே போய்விட்டது.

சாயங்காலம் மேனேஜர் அவனைத் தட்டிக்கொடுத்தார். "நேர்மையா வந்தே தம்பி, சந்தோஷம். ஆனா கடைசில வந்தே."

ஒப்பந்தம் நீளவில்லை. அவன் இடத்துக்கு வந்தவர் ஒரு மலையிலும் பின்தங்கியதில்லை. எப்படி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.