தொப்பூர் இறக்கத்தில் நாலு கிலோமீட்டர்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். இருபது வருஷமாக என் மனைவி சொல்லிக்கொண்டிருப்பதுதான் இது. தருமபுரி பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அந்தக் கார் சர்வீஸ் சென்டரில் ஒருநாள் அது ஊருக்கே தெரியும்படி நடந்தது.

கார் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் கிடையாது. மனைவிக்காகத்தான் வாங்கினேன். அவள் ஓமலூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் மகளும் அங்கேயே எட்டாவது படிக்கிறாள். வீடு அதியமான்கோட்டையில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், ஒன்று தவறினால் அன்றைக்கு ஹெட்மாஸ்டரிடம் பேச்சு. நாற்பத்தொரு வயதில் அவளுக்கு நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல்முறை தனியாகப் போய்விட்டுத் திரும்பி வந்தவள், சாவியை மேஜையில் வைக்காமல் சாப்பிடும்போதுகூட இடது கையிலேயே வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கற்றுக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லையா என்ன? கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் லாரி ஓட்டினவன். பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவில் எந்த மேட்டில் எந்தக் கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்போது பம்ப்செட் கடை வைத்திருக்கிறேன், ஆனால் உள்ளுக்குள் இன்னும் டிரைவர்தான்.

வருஷம் திரும்பியதும் வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. டிரைவில் போட்டால் யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல ஒரு குலுக்கல். அப்புறம் ஒரு முனகல் சத்தம். சர்வீஸ் சென்டரில் விட்டேன். சாப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கிறோம் என்றார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். மறுபடியும் அப்டேட். இரும்புக்குள் சத்தம் கேட்கிறது, இவர்கள் கம்ப்யூட்டரில் மருந்து போடுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், மனைவியும் மகளும் பள்ளி விட்டுத் திரும்பும் வழியில், தொப்பூர் மேட்டின் நடுவில் வண்டி ஏறாமல் நின்றுவிட்டது. இன்ஜின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி. யாரோ ஒரு புண்ணியவான் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறார். வண்டியைக் கட்டி இழுத்துவந்து சர்வீஸ் சென்டரில் விட்டோம். ஒரு சாவியை அங்கே கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்தவள் தன்னிடமிருந்த இன்னொரு சாவியை பிரிட்ஜ் மேல் தூக்கி வைத்தாள்.

"இனிமே நான் தொட மாட்டேங்க. பஸ்ஸுலயே போய்க்கறோம்."

பக்கத்து வீட்டிலிருந்து என் அண்ணன் வேறு வந்துவிட்டார். "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்டா ஆவும். புது வண்டிய என்னா பண்ணி வச்சிருக்குது பாரு" என்றார். அவள் உள்ளே இருந்தாள், காதில் விழுந்திருக்கும். எனக்கு ரத்தம் கொதித்தது. வாரண்டியில் புது கியர்பாக்ஸ் வாங்குகிறேன், தப்பு இவள்மேல் இல்லை என்று அந்தக் கம்பெனிக்காரன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன், அந்தச் சாவியை இவள் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. கம்பெனி வாரண்டியை ஒப்புக்கொள்ளவில்லையாம். விடுவேனா? நான் எப்படிக் கேட்கிறேன் என்று பார்க்கட்டும் என மனைவியையும் லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டேன். ஏசி அறை, காத்திருக்கிறவர்கள் பத்துப் பேர், காபி மெஷின். "ரெண்டு தடவ அப்டேட்டு அப்டேட்டுன்னு ஏமாத்துனீங்களே, அப்பவே பிரிச்சுப் பாத்திருந்தா என் பொண்டாட்டி புள்ள நடுமேட்டுல நின்னிருக்குமா? மனசாட்சி இருக்குதாய்யா உங்களுக்கு?" மேஜையைத் தட்டியதில் பேனா ஸ்டாண்டு உருண்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

மேனேஜர் என் வயதுக்காரர். எதிர்த்துப் பேசவில்லை. "வாங்க சார், உக்காருங்க. மேடம், நீங்களும் வாங்க" என்று தன் அறைக்குள் அழைத்துப் போய் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது உங்க வண்டி கியர்பாக்ஸ்ல இருந்து எடுத்ததுங்க. எந்த நேரத்துல எந்தக் கியர், என்ன ஸ்பீடுன்னு அதுவே எழுதி வச்சுக்கும். இங்க பாருங்க. காலையில எட்டேகாலு. நியூட்ரல். ஸ்பீடு எழுபது, எண்பது. கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். அப்புறம் அந்த ஓட்டத்துலயே டிரைவ் போட்டிருக்குது. ஒவ்வொரு தடவையும் உள்ள அடி வாங்கியிருக்குதுங்க. மறுநாளும் அதே மாதிரி. அதுக்கு மறுநாளும். சனி ஞாயிறு மட்டும் இல்ல."

லேப்டாப்பை என் பக்கம் இழுத்து அந்த எண்களை மறுபடி படித்தேன்.

அவருக்கு இடம் தெரியவில்லை, எண்கள்தான் தெரிந்தன. எனக்கு இடம் தெரிந்துவிட்டது. தட்டையான ரோட்டில் நியூட்ரலில் விட்டால் வண்டி அரைக் கிலோமீட்டரில் நின்றுபோகும். நாலு கிலோமீட்டர் தானாக உருள வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் ஒரே இடம்தான். டோல்கேட் தாண்டி, தொப்பூர் இறக்கம்.

லாரி ஓட்டின காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான். இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலில் தட்டிவிட்டால் வண்டி சும்மா உருளும். ஓனர் கொடுத்த டீசலில் மிச்சம் பிடிப்பது டிரைவருக்கு. இப்போதும் அங்கே நியூட்ரலில் போகாதே என்று இரண்டு ஆள் உயரத்துக்கு போர்டு வைத்திருக்கிறார்கள். அது கத்துக்குட்டிகளுக்கு என்று நினைப்பவன் நான். மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அந்த இறக்கத்தில் அவள் கைமேல் என் கையை வைத்து, "இந்தா, இப்ப நியூட்ரலுக்குத் தள்ளு. பெட்ரோலே குடிக்காது பாரு. கீழ போயி டிரைவ் போட்டுக்கோ" என்று பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

"காலையில யாருங்க ஓட்டறது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்" என்றாள் மனைவி.

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. வெளியே அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு வந்திருக்கிறேனே, எப்படித் திறப்பேன்? அவள் என்னைப் பார்க்கவில்லை. "தெரியாம பண்ணிட்டேன் சார்" என்றாள்.

மேனேஜர் மேஜைக்கடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, அதிலிருந்து இரண்டு பிரேக் பேடுகளை எடுத்து வைத்தார். நான் எத்தனையோ பிரேக் பார்த்தவன். தேய்ந்து இரும்பு தெரிந்தது, ஓரமெல்லாம் தீய்ந்து வெடித்திருந்தது.

"வாரண்டிய விடுங்க மேடம். கியர் இல்லாததால அத்தன வேகத்தையும் இது ஒண்ணுதான் புடிச்சு நிறுத்தியிருக்குது. கியர்பாக்ஸ் முந்திக்கிச்சு. அது கெட்டதால வண்டி இங்க வந்துச்சு. இல்லாட்டி இன்னும் ஒரு மாசத்துல பிரேக்கே புடிச்சிருக்காது. என்கிட்ட சண்ட போட நீங்க வந்திருக்க மாட்டீங்க."

அந்தத் தீய்ந்த பேடைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக, தினம் காலையில், பின்னால் மகளை உட்காரவைத்துக்கொண்டு. இவள் ஒருமுறை, "கீழ எறங்கறப்ப ஏதோ தீயற வாசன வருதுங்க" என்று சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "புது பிரேக்கு அப்படித்தான் இருக்கும், போ" என்று சொல்லியிருந்தேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம்.

"நான் சொல்லிக் குடுத்ததுன்னு ஏன் நீ சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. நான் திரும்பி உள்ளே போனேன். அதே பத்துப் பேர், காபி மெஷின் பக்கத்தில் மேனேஜர். மறுபடி சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "சார், எங்கூட்டுக்காரம்மா மேல தப்பில்லீங்க. நியூட்ரல்ல எறக்கச் சொன்னது நான்தான். உங்களப் பேசுனதுக்கும் மன்னிச்சுக்கங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், கத்தியதும் சத்தமாகத்தானே. அவர் தலையாட்டினார். வாரண்டி ஒன்றும் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்து, "என்னடா சொன்னான்? உன் பொண்டாட்டிதான் கெடுத்துச்சாமா?" என்று சிரித்தார். "இல்லண்ணா. நான்தான் கெடுத்தேன். நீயும் அந்த எறக்கத்துல நியூட்ரல்லதான வர்ற? மொதல்ல அத நிறுத்து" என்றேன். அவர் எழுந்து போனார்.

கைக்காசு போட்டு கியர்பாக்ஸ் மாற்றி வண்டி வந்தபோது, பிரிட்ஜ் மேலிருந்த சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு நாள் பஸ்ஸில்தான் போனார்கள். மூன்றாம் நாள் காலை அவளாகவே எடுத்தாள்.

"நீங்களும் வாங்க" என்றாள். முன் கதவைத் திறக்கப் போனேன். "அங்க இல்ல. பின்னாடி, பாப்பா பக்கத்துல."

டோல்கேட் தாண்டியது. இறக்கம் தொடங்கும் இடத்தில் அவள் லீவரை லோ கியருக்கு இழுத்தாள். இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. அந்த இறக்கத்தை நான் எத்தனை நூறு தடவை இறங்கியிருப்பேன், எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான். பின் சீட்டில் உட்கார்ந்து, பிடிக்க எதுவும் இல்லாமல், வளைவுக்கு அப்பால் ரோடே தெரியாமல், பக்கவாட்டில் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

பேச்சுக் கொடுத்தால் பயம் போகுமே என்று மகளிடம் ஏதோ கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"எறக்கம் முடிஞ்சு ரெட்டப்பாலம் தாண்டற வரைக்கும் பேசக்கூடாதுப்பா. அம்மா சாமி கும்பிட்டுக்கிட்டே ஓட்டும். தினமும் அப்படித்தான்."